மழைமானியும் செந்தூர் எக்ஸ்பிரஸும்

பாளையங்கோட்டையில் எங்கள் மொட்டைமாடியில் ஒரு பிளாஸ்டிக் மழைமானி இருக்கிறது. காலை எட்டரைக்குப் பார்த்து நோட்டில் எழுதுவேன். வானிலை மையத்தின் நாள் கணக்கும் எட்டரைக்கு எட்டரைதான். ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு லிட்டர் தண்ணீர். கேலி செய்யாதவர் தெருவில் இல்லை. "மழைய அளந்து என்னவே செய்யப் போறீரு, கடையில போட்டு விக்கவா?" என்பார் எதிர்வீட்டு அண்ணாச்சி.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. குமரிக்கடல் பக்கம் மேலடுக்கு சுழற்சி என்று முதல்நாளே அறிவிப்பு வந்திருந்தது. அன்று எட்டரை வரை காத்திருக்க முடியவில்லை. குழாய் நிரம்ப நிரம்ப மூன்று முறை கவிழ்த்தேன். நான்காவது முறை மாடிக்குப் போகவே இல்லை, வாசல்படிக்குத் தண்ணீர் வந்துவிட்டது.

அக்காவும் அத்தானும் திருச்செந்தூரில் சாமி கும்பிட்டுவிட்டு அன்று இரவு செந்தூர் எக்ஸ்பிரஸில் சென்னை திரும்ப வேண்டும். சாயங்காலம் போன் போட்டேன்.

"அத்தான், மழை சரியில்ல. நாளைக்குப் போனா என்ன?"

"ரயிலுதானே மாப்ளே, பஸ்ஸா? ஓன் டப்பாவ நீயே வச்சுக்கோ."

நானும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. திருநெல்வேலிக்காரனுக்கு வெள்ளம் என்றால் இரண்டு கணக்குதான்: பாபநாசம் அணையில் எத்தனை அடி, ஆற்றுக்குள் இருக்கிற குறுக்குத்துறை முருகன் கோயில் எதுவரை முங்கியிருக்கிறது. இரண்டும் ஆற்றுக் கணக்கு. அன்றைக்கு மலையில் மட்டுமா பெய்தது? கீழே சமவெளியிலும் கொட்டியது. திருச்செந்தூர் பக்கத்துக் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் என்று மறுநாள் தெரிந்தது. அந்தக் கடற்கரையில் வருஷம் முழுக்கச் சேர்த்தாலும் சாதாரணமாக அவ்வளவு வராது. ஆறு ஒரு பக்கம், உடைந்த குளங்கள் ஒரு பக்கம் என்று தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றே புரியாத ராத்திரி.

பத்து மணி வாக்கில் அக்காவிடமிருந்து போன். வண்டி ஸ்ரீவைகுண்டத்தில் நிற்கிறதாம். தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு இருக்கிற ஊர் அது. அடுத்த ஸ்டேஷனுக்கு விடவில்லை, பாதையில் தண்ணீர் போகிறது என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். உள்ளே ஏறக்குறைய 800 பேர். அத்தான் பின்னால் சலித்துக்கொள்வது கேட்டது. அதோடு போன் செத்தது. எங்கள் தெருவிலும் கரண்ட் இல்லை.

விடிந்த பிறகு பார்த்ததை அத்தானே பிற்பாடு சொன்னார். செய்துங்கநல்லூர் பக்கம் போகிற தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியும் இல்லை, மண்ணும் இல்லை. ஏணியைப் படுக்கப் போட்ட மாதிரி தண்டவாளமும் ஸ்லீப்பர் கட்டையும் அந்தரத்தில் தொங்கினவாம். ரயில் அவ்வளவு எடையாயிற்றே, தண்ணீர் என்ன செய்யும் என்று நாம் நினைக்கிறோம். தண்ணீர் ரயிலைத் தொடவே வேண்டாம், அடியில் கிடக்கிற கருங்கல் ஜல்லியை இழுத்துக்கொண்டு போனால் போதும். இருட்டில், மேலே தண்ணீர் ஓடும்போது டிரைவருக்கு அது தெரியவும் தெரியாது. வண்டியை அனுப்ப மாட்டேன் என்று அன்று நிறுத்தியவரை அத்தான் இப்போதும் சாமி என்றுதான் சொல்லுவார்.

ஒரு பகுதிப் பயணிகளைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனார்கள். அதற்குள் சாலையும் அறுந்துவிட, மற்றவர்கள் ஸ்டேஷனிலேயே. ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டுக்குள் தண்ணீர் நிற்கும்போதே சோறு பொங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அக்கா அதைச் சொல்லும்போதெல்லாம் அழுதுவிடுவாள். 19-ஆம் தேதிதான் மீட்டு, வாஞ்சி மணியாச்சியிலிருந்து தனி ரயிலில் அனுப்பினார்கள்.

என் நோட்டில் டிசம்பர் 18-க்கு நேரே இடம் காலியாக இருக்கிறது. கவிழ்த்த மூன்று குழாயையும் எழுதி வைக்கத் தோன்றவில்லை. இத்தனை வருஷம் அளந்ததில் வேண்டிய நாள் மட்டும் இல்லை!

போன மாதம் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். ஊருக்குக் கிளம்புகிற அன்று சாயங்காலம் அத்தானைக் காணோம். தேடினால் மாடியில், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு மழைமானிக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். உள்ளே ஒரு செத்த எறும்பு கிடந்தது.

"சரி மாப்ளே, ஆட்டோவக் கூப்பிடு" என்றார்.