புது வருஷ ஓட்ட இலக்கு: 5 மணி நேரக் கொடி பிடிப்பவன் பார்த்தது

ஜனவரி வந்தாயிற்று, "இந்த வருஷம் சப் 4" (மாரத்தானை 4 மணி நேரத்துக்குள் முடிப்பது), "இந்த வருஷம் முதல் ஃபுல்" (முழு மாரத்தான்) என்று ஆளாளுக்கு எழுத ஆரம்பித்துவிட்டீர்கள். சந்தோஷம். சென்னை மாரத்தானில் 5 மணி நேர பேஸராக, அதாவது அந்த நேரத்தில் முடிக்க நினைப்பவர்கள் பின்தொடர ஒரே வேகத்தில் கொடி பிடித்து ஓடுகிறவன் நான், கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

42.195 கிலோமீட்டருக்கு 5 மணி நேரம் என்றால் கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 6 வினாடி. நேப்பியர் பாலத்தில் இருட்டோடு கிளம்பும்போது கொடிக்குப் பின்னால் ஒரு சின்னக் கும்பல் பேச்சும் சிரிப்புமாக வரும். ஈசிஆரில் 30 கிலோமீட்டர் தாண்டி, வெயிலும் ஏறியதும், 4 மணி நேரம், நாலேகால் மணி நேரம் என்று நினைத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் பறந்தவர்கள் ஒவ்வொருவராக எங்களிடம் மாட்டுவார்கள். அப்படி ஒரு பையன், புருவத்தில் உப்பு பூத்திருக்கிறது, கையில் பிரிக்காத எனர்ஜி ஜெல், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். "அண்ணா, கொஞ்ச தூரம் உங்ககூட வரட்டுமா?" வாங்க தம்பி என்றேன். பேச்சுக் கொடுத்தால், ஹாஃபில் (அரை மாரத்தானில்) 1 மணி 58 நிமிடம் ஓடியிருக்கிறான், அதை இரண்டால் பெருக்கி 4 மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம் என்று போன ஜனவரியிலேயே முடிவு செய்துவிட்டானாம்.

பெருக்கினால் வராது. பீட் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் சொன்ன கணக்கைத்தான் ஆன்லைன் கால்குலேட்டர்கள் பலவும் போடுகின்றன; அதன்படி தூரம் இரட்டித்தால் நேரம் 2.085 மடங்கு ஆகும், அதாவது அவனுக்கு 4:06. அதுவும் பயிற்சியில் ஒழுங்காக லாங் ரன் (நீண்ட தூர ஓட்டம்) போனவர்களுக்கு. இவன் அக்டோபருக்கு அப்புறம் 24 கிலோமீட்டரைத் தாண்டவே இல்லை, கேட்டால் மழை என்கிறான். மழை வராத ஐப்பசி கார்த்திகையைச் சென்னையில் யார் பார்த்தது? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் ஊரையே மூழ்கடித்து, சுமார் ஒரு மாதத்தில் மாரத்தான் வந்ததே, மறந்துவிட்டதா?

என் அபிப்பிராயம் இதுதான்: நம் ஊர் ஓட்டக்காரனுக்கு வருஷம் ஜனவரியில் பிறப்பதில்லை. பெரிய ஓட்டம் ஜனவரி முதல் வாரத்தை ஒட்டி முடிந்துவிடுகிறது, இப்போது டைமிங் இலக்கு எழுதினால் அது வேகாத வெயிலில் ஏப்ரல், மே மாதங்களிலேயே செத்துவிடும், ஏனென்றால் அந்தப் புழுக்கத்தில் அதே இதயத்துடிப்புக்கு வேகம் தானாகக் குறையும், வாட்சைப் பார்த்து மனசு விட்டுப்போகும். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது நமக்கும் பொருந்தும். கோடையில் வாரம் நாலு நாள் மெதுவாக ஓடினால் போதும், வேறு இலக்கே வேண்டாம். ஆடியில் ஒரு 10 கிலோமீட்டரை முழுமூச்சாக ஓடிப் பார்த்து, அந்த நேரத்தை வைத்து இலக்கை எழுதுங்கள். ஆவணியில் ஆரம்பித்தால் 18 வாரம் கிடைக்கும், அதில் இரண்டு மூன்று லாங் ரன்னை மழை தின்றுவிடும் என்று முதலிலேயே கழித்துவிடுங்கள்.

அந்தப் பையன் 36ஆவது கிலோமீட்டர் வரை எங்களோடு வந்தான், அப்புறம் காணோம். முடித்தானா தெரியவில்லை.

*

பேஸர் அண்ணா சொல்வது சரி, ஆனால் எனக்கு டைமிங் இலக்கே ஒத்துவருவதில்லை. பிள்ளைகளுக்கு ஸ்கூல், இருட்டில் தனியாக ரோட்டில் இறங்க முடியாது, 5.30க்கு மேல் வாக்கிங் கூட்டம் வந்த பிறகுதான் எனக்கு ஓட்டமே. அதனால் நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான்: ஹாஃபில் பின்பாதி முன்பாதியைவிட மெதுவாகக் கூடாது. மொத்த நேரம் எவ்வளவானாலும் சரி. போன முறை மெடலோடு வீட்டுக்குள் நுழையும்போது எதிர் ஃப்ளாட் மாமி, "எத்தனாவது பரிசுடி?" என்றார். முடிக்கிற எல்லாருக்கும் தருவார்கள் மாமி என்றதும் முகம் விழுந்துவிட்டது. "அப்ப எதுக்கு இவ்வளவு சீக்கிரம் எழுந்து போற?" பதிலே வரவில்லை எனக்கு.

*

சைக்கிள் ஓட்டுகிற எங்களுக்கும் இதே கதைதான். பிரவே (நேரக் கெடுவுக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) சீசன் நவம்பர் 1இல் ஆரம்பித்து அக்டோபர் 31இல் முடிகிறது. 200 கிலோமீட்டரை பதின்மூன்றரை மணி நேரத்திலும், 300ஐ 20, 400ஐ 27, 600ஐ 40 மணி நேரத்திலும், நாலையும் ஒரே சீசனில் முடித்தால் எஸ்ஆர், அதாவது சூப்பர் ராண்டனூர் பட்டம். திண்டிவனம் தாண்டி ஒரு டீக்கடையில் ஒருவரைப் பார்த்தேன், ஜனவரியில் எஸ்ஆர் சபதம் எடுத்தவராம், 200, 300 ஓட்டிவிட்டு 400க்கு வந்தபோது ஏப்ரல் ஆகிவிட்டது. தார் ரோடு ராத்திரியிலும் அனல் கக்குகிறது. பிரவே கார்டை மடித்துப் பையில் போட்டுவிட்டு, இன்னொரு டீ சொன்னார், போதும் சார், பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்தார். 400, 600ஐ பிப்ரவரிக்குள் ஓட்டிவிடுங்கள், மார்ச்சுக்கு மேல் வைக்காதீர்கள். லைட்டும் ரிஃப்ளெக்டிவ் வெஸ்டும் இப்போதே வாங்கிவிடுங்கள், அது இல்லாமல் ஸ்டார்ட்டிங்கிலேயே நிறுத்திவிடுவார்கள்.