போலீஸ் பஞ்சாயத்து, மொஹல்லா கமிட்டி, பீட் ஹவல்தார்: மும்பையில் உங்களுக்கு நடந்தது என்ன?

தாராவிக்காரன்

போலீஸ் பஞ்சாயத்து என்பது, குடிசைப் பகுதிச் சண்டைகளை ஸ்டேஷனுக்குப் போகாமல் அங்கேயே பேசித் தீர்க்கிற குழு. ஏ.என். ராய் மும்பை போலீஸ் கமிஷனராக இருந்தபோது வந்தது, குடிசைவாசிகள் அமைப்பின் தலைவர் ஜோக்கின் அண்ணனின் ஆட்கள் முன்னே நின்று நடத்தியது. ஏழு பெண்கள், மூன்று ஆண்கள், கூட ஒரு போலீஸ்காரர். அந்த ஏழு பேரில் என் அத்தையும் ஒருத்தர். அவருக்கு எழுத உதவியாக நான் நோட்டும் கையுமாகப் போய் உட்காருவேன்.

ஒரு நாள் பை தைக்கிற ஒருத்தரைக் கூட்டி வந்தார்கள். குடித்துவிட்டு மனைவியை அடிப்பவர். கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டப்பா மேல் உட்கார வைத்து, "வாரத்துக்கு எவ்வளவு கைக்கு வருது, கடைக்கு எவ்வளவு போகுது, நீயே சொல்லு" என்று அத்தை கேட்டார். நாலாவது கேள்வியில் ஆள் அழ ஆரம்பித்தார். அவ்வளவுதான், எல்லோரும் அவர் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். ஒருத்தர் தண்ணீர் கொடுத்தார், ஒருத்தர் முதுகைத் தடவினார். அந்தப் பெண்ணிடம் கடைசியில்தான் "சரிதானேம்மா?" என்று கேட்டார்கள். "சரிங்க" என்றார். நானும் எழுதினேன், இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

வாசலில் செருப்பு மாட்டும்போது கணவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்னால் கையை நீட்டினார். இந்தம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து வீட்டுச் சாவியை எடுத்து அந்தக் கையில் வைத்தார். அதைப் பார்த்தது நான் மட்டும்தான் என்று நினைக்கிறேன். பஞ்சாயத்தால் எங்கள் சந்தில் எத்தனையோ தண்ணீர்க் குழாய்ச் சண்டைகள் ஸ்டேஷன் வரை போகாமல் தீர்ந்திருக்கின்றன, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கையை மறக்க முடியவில்லை.

லேடீஸ்_ஸ்பெஷல்

@தாராவிக்காரன் தம்பி, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குழாய்ச் சண்டையும் இதுவும் ஒன்றா? கணவன் அடிப்பது குற்றம். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 498ஏ பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 85. தவிர, 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. ஏழு பெண்கள் உட்கார்ந்துவிட்டால் மட்டும் அது பெண்களின் பஞ்சாயத்து ஆகிவிடுமா? அழுகிறவனுக்குத் தண்ணீர் கொடுக்கிற பஞ்சாயத்து எனக்கு வேண்டாம்.

என் கதை சின்னது. நாங்கள் சால் எனும் வரிசை வீட்டில் இருந்தபோது (எந்த ஏரியா என்று சொல்லப் போவதில்லை) இரண்டு கதவு தள்ளி ஒரு பெண்ணின் அலறல். பெண்களுக்கான போலீஸ் ஹெல்ப்லைன் 103க்கு ஃபோன் போட்டேன். பைக்கில் இரண்டு பேர் சீக்கிரமாகவே வந்தார்கள், அதற்கு நன்றி. வந்ததும் காரிடார் நடுவில் நின்றுகொண்டு ஒருவர் சத்தமாகக் கேட்டார்: "ஃபோன் கோணி கேலா?" யார் ஃபோன் பண்ணியது என்று. மொத்த மாடியிலும் கதவுகள் திறந்தன. அடிக்கிறவனும் வெளியே வந்து, எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். நான் வாய் திறக்கவில்லை. யாருமே திறக்கவில்லை. "ஃபேக் கால்" என்று சொல்லிவிட்டு அவர்கள் இறங்கிப் போனார்கள்.

மாட்டுங்கா மாமா

என் கதை ரெண்டு வரி. காலையில் காய்கறி வாங்கப் போன சம்சாரத்தின் சங்கிலியை பைக்கில் வந்த பையன்கள் அறுத்துக்கொண்டு போனார்கள். சங்கிலி போனது போனதுதான். அவள் கழுத்தில் கோடு விழுந்து ரொம்ப நாள் இருந்தது.

இப்போது எல்லோரும் கவனியுங்கள். ஸ்டேஷனில் முதலில் என்.சி. (சின்னக் குற்றம் என்கிற பதிவு) எழுதிக்கொடுக்கப் பார்ப்பார்கள். அது விசாரணைக்கு உதவாத காகிதம். திருட்டு, பறிப்பு என்றால் எஃப்.ஐ.ஆர். கேளுங்கள். மொபைல் திருடு போனால் "தொலைந்தது" என்று எழுதச் சொல்வார்கள், எழுதாதீர்கள். தொலைந்தது வேறு, திருடு போனது வேறு. 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டம். எந்த ஸ்டேஷனிலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். கொடுக்கலாம், "இது எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்ப முடியாது. ஆன்லைனில் கொடுத்தால் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். நகல் இலவசம். புகாரை வாங்க மறுத்தால் டி.சி.பி.க்கு (போலீஸ் துணை கமிஷனர்) எழுத்தில் அனுப்புங்கள். மொபைலை அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பிளாக் செய்யுங்கள். வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் குடியிருப்பவரின் விவரத்தைப் போலீசிடம் பதிய வேண்டும், "நம்ம ஊர்ப் பையன்தானே" என்று விட்டுவிடாதீர்கள். வாட்ச்மேன், வேலைக்காரம்மா விவரத்தையும் பதிந்து வைப்பது நல்லது. பீட் ஹவல்தாரின் (உங்கள் தெருவைப் பார்த்துக்கொள்கிற போலீஸ்காரர்) நம்பரை ஃபிரிட்ஜ் மேல் ஒட்டி வையுங்கள். மாற்றலாகிப் போனால் புது நம்பர் வாங்குங்கள். நம்மில் பலரிடம் இருப்பது ரிட்டயர் ஆனவரின் நம்பர்.

லேடீஸ்_ஸ்பெஷல்

மாமா, இதில் எதையுமே யாரும் கேட்கவில்லை. ஆனாலும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொண்டேன்.

டாக்_ராஜா

"நம்ம ஊர்ப் பையன்" என்று மாமா சொன்னதால் இது. சசூன் டாக்கில் எங்கள் கூட மூட்டை தூக்கப் புதிதாக ஒரு பையன் வந்திருந்தான், வள்ளியூர்ப் பக்கம். இந்தி ஒரு வார்த்தை தெரியாது.

2008இல் 26/11 அன்று தாக்குதல் நடத்தியவர்கள் ரப்பர் படகில் வந்து இறங்கியது கஃப் பரேடு மச்சிமார் நகர் கரையில். முதலில் பார்த்ததும், யார் நீங்கள் என்று கேட்டதும் அங்கே இருந்த மீனவ ஜனம்தான். அதற்கப்புறம் கரையோரத்தில் புது முகம் என்றாலே எல்லோருக்கும் ஒரு கண். சாகர் கவச் என்கிற கடலோரப் பாதுகாப்பு ஒத்திகை நாளில் கேட்கவே வேண்டாம், சாகர் ரக்ஷக் தள் என்கிற கரையோரக் காவல் தொண்டர் பசங்களிலிருந்து டீக்கடைக்காரர் வரை எல்லோரும் போலீஸ்.

நம் பையன் பொழுது விடியுமுன் தண்ணீர் ஓரமாக ஒதுங்கப் போயிருக்கிறான். நாலு பேர் பிடித்துவிட்டார்கள். அவன் ஆதார் கார்டு தங்கும் அறையில் இருந்தது. ஹவல்தார் வந்து "எந்த போட்டில் வந்தாய்?" என்று கேட்க, அவனுக்கு "எதில் வந்தாய்" என்பது மட்டும் புரிந்து, கைகட்டிக்கொண்டு "நாகர்கோவில் எக்ஸ்பிரஸ்ல சார்" என்றான். ஹவல்தாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் முகாதம் (எங்கள் மேஸ்திரி) வந்து ஆள் யாரென்று சொல்லும்வரை போலீஸ் சௌகியில் தரையில்தான் உட்கார வைத்திருந்தார்கள். சம்பளம் வாங்கிய கையோடு பையன் ஊருக்குப் போய்விட்டான். பிடித்தவர்களைக் குறை சொல்ல முடியுமா? அவர்கள் செய்ய வேண்டிய வேலையைத்தான் செய்தார்கள். எனக்குத்தான் இன்னும் மனசு ஆறவில்லை.

பழைய லேபர் கேம்ப்

@லேடீஸ்_ஸ்பெஷல் அம்மா, கோபம் நியாயம்தான். ஆனால் ஊர் ஜனமும் போலீசும் சேர்ந்து உட்கார்வதே வீண் என்கிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள், அங்கே ஒத்துக்கொள்ள மாட்டேன். 92-93 இந்து-முஸ்லிம் கலவரத்தை நாங்கள் இந்த வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தவர்கள். பிவண்டியில் போலீஸ் அதிகாரி கோபடே சார் 88லிருந்தே கமிட்டி போட்டு வைத்திருந்தார். பம்பாய் எரிந்தபோதும் அந்த ஊர் எரியவில்லை. அதைப் பார்த்துத்தான் இங்கே முன்னாள் கமிஷனர் ரிபெய்ரோ, அப்போதைய கமிஷனர் சாஹ்னி, சமூக சேவகி சுஷோபா பர்வே எல்லோரும் மொஹல்லா கமிட்டியை (பேட்டை ஜனமும் போலீசும் சேர்ந்தது) கொண்டுவந்தார்கள். தாராவியில் வக்கார் பாயும் பாவு கோர்டேயும் நாலு மதத்துப் பிள்ளைகளை வைத்து ஒட்டிய போஸ்டர் உங்களுக்கு நினைவிருக்கும்.

ஒரு ராத்திரி, கோயில் வாசலில் மாமிசம் போட்டுவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பியது. நல்லவேளையாக அன்று சாயங்காலம்தான் கமிட்டி கூடியிருந்தது. பேக்கரி பாய், நான், ஒரு கான்ஸ்டபிள், மூன்று பேரும் ஓடினோம். டார்ச் அடித்தால், ஹோட்டல் குப்பையிலிருந்து இழுத்து வந்த எலும்போடு ஒரு நாய் எங்களைப் பார்த்து உறுமுகிறது. கான்ஸ்டபிள் மராட்டிக்காரர், நெற்றியில் குங்குமம். பழைய பேப்பரைக் கேட்டு வாங்கி, தன் கையாலேயே அதை வாரிச் சுருட்டினார். "ஆள் வைத்துச் செய்திருக்கலாமே" என்றேன். "ஆள் வருவதற்குள் கூட்டம் வந்துவிடும்" என்றார். பின்னாலேயே கூட்டம் வந்தது. பார்க்க ஒன்றும் இல்லாததால் கொஞ்ச நேரம் எங்களையே பார்த்துவிட்டுக் கலைந்தது. அவர் பெயரைக் கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை.

லேடீஸ்_ஸ்பெஷல்

ஐயா, தெருவில் கூட்டம் கூடினால் ஓடி வருகிறீர்கள், சரி. கதவுக்கு உள்ளே நடப்பதற்கு எந்தக் கமிட்டி வரும்? நான் கேட்பது அதுதான்.

முலுண்ட் மருமகள்

சண்டைக்கு நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். எங்கள் சொசைட்டிக்கு சைபர் போலீசிலிருந்து வந்து பேசினார்கள். டிஜிட்டல் அரெஸ்ட் என்று சட்டத்திலேயே ஒன்று கிடையாது, வீடியோ காலில் யாரும் கைது செய்ய மாட்டார்கள், பணம் போய்விட்டால் உடனே 1930க்கு ஃபோன் செய்ய வேண்டும் என்றார்கள். மாமியார் முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பஞ்சாங்கத்தின் பின்பக்கம் எழுதிக்கொண்டார்.

சில நாளில் அவருக்கே அந்த மாதிரி போலி போலீஸ் வீடியோ கால் வந்தது. யூனிஃபார்ம், பின்னால் கொடி, எல்லாம் சரி. மாமியார் நிதானமாக, "கேமராவைத் திருப்புப்பா, உங்க ஸ்டேஷன் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கணும்" என்றார். அவன் கட் பண்ணிவிட்டான். கட்டிடம் பூராவும் அவர்தான் ஹீரோ.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. போன மாதம் என் பாஸ்போர்ட் வெரிஃபிகேஷனுக்கு ஸ்டேஷனிலிருந்து நிஜமாகவே ஃபோன் செய்திருக்கிறார்கள். மாமியார் "உன்னை மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்" என்று வைத்துவிட்டார். அப்புறம் கான்ஸ்டபிளே நேரில் வந்து, லிஃப்ட் இல்லாத மூன்று மாடி ஏறி, ஐ.டி. கார்டை கதவு ஓட்டை வழியாகக் காட்டியிருக்கிறார். "கார்டு யார் வேணா அடிக்கலாம்" என்று உள்ளிருந்தே பதில். நான் ஆபீஸில் இருந்தேன். பாஸ்போர்ட் இன்னும் வரவில்லை. மாட்டுங்கா மாமா, இதற்கு நானே ஸ்டேஷனுக்குப் போய் நின்றால் போதுமா, இல்லை திரும்ப விண்ணப்பிக்க வேண்டுமா? இதை நிஜமாகவே கேட்கிறேன்.