புதுப்பிப்பு: ஹாய் வான் கணவாயைக் கடந்துவிட்டோம்

வியட்நாமில் ஹுவேயிலிருந்து ஹோய் ஆன் செல்லும் எங்கள் மோட்டார் சைக்கிள் குழு, குளிர்கால மழையில் ஹாய் வான் கணவாயில் ஏறலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். ஏறிவிட்டோம், தயங்க வேண்டியதில்லை.

கணவாய்க்குக் கீழே மலையைக் குடைந்து 2005இல் திறந்த சுரங்கப்பாதையில் பைக் ஓட்டிச் செல்ல அனுமதியில்லை என்பதால், சுமார் 500 மீட்டர் உயரத்துக்கு ஏறும் பழைய சாலைதான் வழி. எரிபொருள் லாரிகளும் அதிலேயே வருவதால், கொண்டை ஊசி வளைவுகளில் இடைவெளி விட்டு, ஒருவர்பின் ஒருவராக இரண்டாம் கியரில் ஏறினோம். வடக்கே லாங் கோ ஊர்ப் பக்கம் ஹெல்மெட் கண்ணாடியைத் துடைக்கத் துடைக்கப் பனிநீர் படிந்தது. வடகிழக்குக் காற்றை மலை தடுத்துவிடுவதால், உச்சியிலுள்ள 1826ஆம் ஆண்டுக் கோட்டை வாயிலைத் தாண்டியதும் தெற்கே டா நாங் நகரப் பக்கம் வெயில். எத்தனை அழகான சாலை! இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் குறைந்த கியரில் எஞ்சினாலேயே வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள்.