பதினாறு வயதில் பிடித்த கட்சி கடைசிவரை நிற்குமா?

கேள்வி: அப்பாவுக்கு 1965-ல் பதினாறு வயது. மதுரையில் இந்தி எதிர்ப்பு ஊர்வலத்தில் நடந்தவர், சட்டையில் கறுப்புத் துணி குத்திக்கொண்டு. அன்றிலிருந்து இன்றுவரை ஒரே கட்சிதான். அந்த வயதில் பதிவது அவ்வளவு ஆழமாகவா போகும்? என் மகளுக்கு இப்போது பதினான்கு, அதனால்தான் கேட்கிறேன்.

பதில் 1: போகும். 1967-ல் காங்கிரஸ் தோற்றபோது அவருக்கு ஓட்டே கிடையாது, அப்போதெல்லாம் ஓட்டுப்போட 21 வயது ஆகியிருக்க வேண்டும். ஓட்டு வருவதற்கு முன்பே மனம் முடிவெடுத்துவிட்டது.

பதில் 2: ஊர்வலம் மட்டும் காரணமில்லை. எங்கள் தாத்தா காலையில் பேப்பரைச் சத்தமாக வாசிப்பார், நான் எதிர்த்துப் பேசினால் அதட்டமாட்டார், "சரி, ஏன்னு சொல்லு" என்பார். வீட்டில் அந்தப் பேச்சு இருந்தால்தான் வெளியே கேட்பது ஒட்டும்.

பதில் 3: 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் உட்கார்ந்தபோது என் தம்பி பிளஸ் டூ. கட்சி எதிலும் சேரவில்லை, ஆனால் அப்புறம் ஊரில் ஒரு கிராமசபைக் கூட்டத்தையும் விட்டதில்லை. மகளையும் கூட்டிப்போங்கள்.