பாத்திமா பீவி: உச்ச நீதிமன்றத்திலிருந்து ராஜ்பவனுக்கு

கேள்வி: சட்டமாணவி, மதுரை

வகுப்பில், ஜெயலலிதாவின் முதலமைச்சர் நியமனத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்த பி.ஆர். கபூர் வழக்கு பாடமாக நடந்தது. 2001 மே 14 அன்று ஜெயலலிதாவுக்குப் பதவிப்பிரமாணம் செய்துவைத்த ஆளுநர், உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாக இருந்தவர் என்றதும் எனக்குக் குழப்பம். டான்சி என்ற அரசு நிறுவனத்தின் நிலத்தை வாங்கிய வழக்கில் ஜெயலலிதாவுக்குத் தண்டனை, நான்கு தொகுதிகளிலும் வேட்புமனு தள்ளுபடி. இதெல்லாம் தெரிந்துமா ஆளுநர் ஆட்சியமைக்க அழைத்தார்?

பதில்: ஓய்வுபெற்ற சிரஸ்தார்

அம்மா, முதலில் அவர் ஏறிவந்த படிகளைப் பாருங்கள். 1950இல் கொல்லத்தில் வக்கீல். 1958இல் முன்சீப், அதாவது கீழ்நிலை உரிமையியல் நீதிபதி. பிறகு சார்பு நீதிபதி, தலைமைக் குற்றவியல் நடுவர், 1974இல் மாவட்ட நீதிபதி. 1983இல் கேரள உயர் நீதிமன்றம், 1989 அக்டோபரில் உச்ச நீதிமன்றம். கீழ்க் கோர்ட்டின் புழுதியைச் சுவாசித்து அந்த இடத்துக்குப் போனவர்கள் குறைவு. அதனாலேயே எங்களைப் போன்ற கோர்ட் ஊழியர்களுக்கு அவர்மீது தனி மரியாதை.

1997 ஜனவரியில் தமிழ்நாட்டு ஆளுநரானார். தவறு இரண்டு, என் கணக்கில். ராஜீவ் கொலை வழக்கில் நால்வரின் கருணை மனுக்களை 1999 அக்டோபரில் அமைச்சரவையைக் கேளாமலே நிராகரித்தார். சென்னை உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே அதை ரத்து செய்தது. 2001இல் இதற்கு நேர் எதிர். பெரும்பான்மைக் கட்சி தேர்ந்தெடுத்த தலைவர் என்பதையே போதுமென்று எடுத்துக்கொண்டார். பிறர் சொற்படி நடக்கவேண்டிய இடத்தில் தானே தீர்ப்பெழுதினார்; தானே யோசிக்கவேண்டிய இடத்தில் பிறர் கணக்கை ஏற்றார். சட்டம் தெரியாமல் நடந்ததாக நான் நினைக்கவில்லை. ஆளுநர் நாற்காலியில் இருதரப்பு வாதமும் கிடையாது, மேல்முறையீடும் கிடையாது. முப்பது ஆண்டுக்கும் மேல் இரண்டையும் நம்பி வேலை செய்தவருக்கு அது பழகாத இடம்.

பதில்: நாஞ்சில்காரன்

சிரஸ்தார் ஐயா மிகவும் இளகிவிட்டார். பழகாத இடம் என்றால் போகாமல் இருந்திருக்கலாமே? ஆனால் டெல்லி செய்ததும் நியாயமில்லை. 2001 ஜூன் 30 அதிகாலையில் கருணாநிதி கைதானார். அதுபற்றி ஆளுநர் அனுப்பிய அறிக்கை திருப்தி தரவில்லையென்று மத்திய அமைச்சரவை அவரைத் திரும்பப் பெறப் பரிந்துரைத்தது. அவர் ராஜினாமா செய்தார். அந்த அமைச்சரவையில் திமுகவும் இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. கேரளத்து நீதிபதி இங்கே வந்தார் என்றால், 2014இல் நம் ஈரோட்டுப் பக்கத்து சதாசிவம், தலைமை நீதிபதியாக இருந்தவர், அங்கே ஆளுநராகப் போனார். இந்த வழக்கமே எனக்குப் பிடிக்கவில்லை.

சட்டமாணவி, மதுரை

நன்றி ஐயா. ஒரு சந்தேகம். அரசியலமைப்பின் 361ஆம் பிரிவின்படி ஆளுநர் நீதிமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. பிறகு நியமனம் எப்படி ரத்தானது?

ஓய்வுபெற்ற சிரஸ்தார்

நல்ல கேள்வி. அந்தப் பிரிவு நியமித்தவரைத்தான் காக்கும். நியமனம் பெற்றவரைக் காக்காது. 'எந்த உரிமையில் இந்தப் பதவியில் இருக்கிறீர்கள்' என்று முதலமைச்சரைக் கேட்டார்கள். மேல்முறையீட்டில் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டிருந்தது, ஆனால் குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே நின்றது; ஆகவே சட்டமன்ற உறுப்பினராகவே தகுதியில்லாதவருக்கு, உறுப்பினரல்லாத அமைச்சருக்கு 164(4) பிரிவு தரும் ஆறு மாத அவகாசம் கிடையாது என்று ஐந்து நீதிபதிகள் அமர்வு செப்டம்பர் 21இல் சொன்னது. அன்றே ஓ. பன்னீர்செல்வம் பதவியேற்றார். தீர்ப்பில் நீதிபதி பரூச்சா எழுதிய பகுதியை முதலில் படியுங்கள்.