புதுப்பிப்பு: அண்ணனின் சிக்கிள் செல் வலியும் மார்ஃபினும்

அண்ணனுக்குச் சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்தநோய், வலி வந்து அவசரப் பிரிவுக்குப் போனால் மூன்று மணி நேரம் உட்கார வைக்கிறார்கள், மார்ஃபின் என்ற வலுவான வலி மருந்தின் பெயரை எடுத்தாலே போதைக்கு அடிமையானவரைப் பார்ப்பது போலப் பார்க்கிறார்கள் என்று போன மாதம் எழுதியிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

நீங்கள் சொன்னபடியே ரத்தநோய் மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கினோம். வீட்டில் தினமும் என்ன எடுக்கிறார், இதற்கு முன் எந்த மருந்து எந்த அளவில் கேட்டது, எல்லாம் ஒரே பக்கத்தில். முந்தாநாள் மறுபடி வலி. கடிதத்தை நீட்டினோம், 40 நிமிடத்தில் முதல் ஊசி. அமெரிக்க ரத்தவியல் சங்கத்தின் 2020 வழிகாட்டுதலும் 1 மணி நேரத்துக்குள் வலி மருந்து, பிறகு 30 முதல் 60 நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து அடுத்த டோஸ் என்றுதான் சொல்கிறது. கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்த கை இரண்டாவது டோஸுக்கு அப்புறம்தான் தளர்ந்தது.

மார்ஃபின் போன்ற மருந்தைத் தினமும் எடுப்பவருக்கு உடல் பழகிவிடுவதால் கூடுதல் அளவு தேவைப்படலாம், அதற்குப் பெயர் அடிமைத்தனம் இல்லை. ஆனால் மயக்கத் தூக்கம் அதிகமானால் மூச்சைக் கவனியுங்கள், உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். மலச்சிக்கலுக்கு முதல் நாளே மருந்து கேளுங்கள், நாங்கள் கேட்காமல் விட்டதால் அவர் பட்ட பாடு பெரிது. வீட்டில் தினமும் எடுக்கும் வலி மாத்திரையைத் திடீரென நிறுத்தவும் கூடாது. இந்த வலி அடிக்கடி வராமல் இருக்கத் தரும் ஹைட்ராக்ஸியூரியா மருந்தின் அளவைப் பற்றி மருத்துவரிடம் அடுத்த வாரம் பேசப் போகிறோம்.