கராஜில் நிற்கும் ஸ்போர்ட்ஸ் கார், இறங்கிப்போகும் பேட்டரி: பார்த்ததும் செய்ததும் (ஆளுக்கொரு பகுதியாக எழுதியது; ஒவ்வொன்றின் மேலும் எழுதியவரின் புனைபெயர்)

பன்னிரண்டுவோல்ட்

மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் காரில் முதலில் படுப்பது பேட்டரிதான். பேட்டரி மட்டம் என்று கம்பெனியைத் திட்டுவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். பூட்டிவிட்டுப் போன பிறகும் அலாரம், சாவி ரிசீவர், டிராக்கர் எல்லாம் சேர்ந்து 20 முதல் 50 மில்லிஆம்ப் வரை இழுத்துக்கொண்டே இருக்கும். 50 என்று வைத்தால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்ப்-அவர் (பேட்டரியின் கொள்ளளவை அளக்கும் அலகு). 60 ஆம்ப்-அவர் பேட்டரி 25 நாளில் பாதிக்கு வந்துவிடும். பேட்டரி தானாகவே இறங்குவது தனி. சாதாரண ஆசிட் பேட்டரி 25 டிகிரியில் மாதம் 3 முதல் 5 சதவீதம் இழக்கும். வெப்பம் 10 டிகிரி கூடினால் அதுவும் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். ஏ.ஜி.எம். (ஆசிட்டைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சி வைத்து மூடிய பேட்டரி) இதில் கொஞ்சம் தேவலாம்.

மல்டிமீட்டரில் பார்க்கும்போது, கார் ஓடி நின்ற உடனே வரும் எண்ணை நம்பக் கூடாது. அது மேலோட்டமான சார்ஜ். சில மணி நேரம் விட்டுப் பாருங்கள். ஆசிட் பேட்டரி 12.6 முதல் 12.7 வோல்ட் இருந்தால் முழுசு, 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 என்றால் கால்தான் மிச்சம். ஏ.ஜி.எம். முழுசாக இருந்தால் 12.8க்கு மேலே காட்டும். 12.4க்குக் கீழே வாரக்கணக்கில் கிடந்தால் பிளேட்டில் சல்பேட் இறுகிவிடும். அப்புறம் எவ்வளவு ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. அதனால் செத்த பிறகு ஏற்றுவது வேறு, இறங்கவே விடாமல் வைத்திருப்பது வேறு. கராஜுக்கு வேண்டியது இரண்டாவது.

ஆறுசிலிண்டர்

பேட்டரியை இறங்கவே விடாமல் பிடித்து வைக்கத்தான் மெயின்டெய்னர் என்ற தானியங்கிச் சார்ஜர். பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜரை நாள்கணக்கில் மாட்டி வைப்பவர்களை இன்னும் பார்க்க முடிகிறது. அதில் கட்-ஆஃப் கிடையாது. ஆசிட் கொதித்துத் தண்ணீர் வற்றி, பிளேட் வெளியே தெரிய ஆரம்பிக்கும். ஏ.ஜி.எம். என்றால் தண்ணீர் விடவும் வழியில்லை, நேரே குப்பைதான்.

மெயின்டெய்னர் முதலில் முழு ஆம்ப் கொடுக்கும், 14.4 வோல்ட் தொட்டதும் ஆம்பைக் குறைத்துக்கொண்டே வரும், நிறைந்ததும் 13.5 சுற்றி இறங்கி அங்கேயே நிற்கும். சிடெக் எம்.எக்ஸ்.எஸ். 5.0 என்ற மெயின்டெய்னர் இந்தக் கட்டத்தில் 13.6 கொடுக்கும். குளிர் மோடில் 14.4க்குப் பதிலாக 14.7 வரை போகும். வெயில் காலத்தில் அந்த மோடைப் போட்டு மறந்துவிடாதீர்கள். வெப்பம் ஏற ஏற வோல்டேஜ் இறங்க வேண்டும். 12 வோல்ட் பேட்டரிக்கு டிகிரிக்கு சுமார் 18 மில்லிவோல்ட். 25 டிகிரியில் 13.5 சரி என்றால் 40 டிகிரியில் 13.2 போதும். தகரக் கூரை கராஜ் என்றால் வெப்ப சென்சார் உள்ளதாகப் பார்த்து எடுங்கள்.

அளவு விஷயம்: 0.75 ஆம்ப் குட்டிச் சார்ஜர் ஏற்கெனவே நிறைந்த பேட்டரியைப் பிடித்து வைக்கத்தான். பாதி இறங்கிய 60 ஆம்ப்-அவர் பேட்டரியில் 30 ஆம்ப்-அவர் ஏற்ற 40 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் சார்ஜரின் டைமர் 'பேட்டரி ஃபால்ட்' என்று சிவப்பு காட்டிவிடும். பேட்டரி நன்றாகத்தான் இருக்கும்! 5 ஆம்ப் ஒன்று இருந்தால் இரண்டு வேலையும் நடக்கும்.

எர்த்பாயிண்ட்

சார்ஜர் கிளிப்பை எங்கே கடிக்க வைக்கிறோம் என்பதில்தான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். ப்ளஸ் பேட்டரி ப்ளஸில். மைனஸ் பேட்டரி போஸ்டில் (முனையில்) வேண்டாம், பாடி எர்த் போல்ட்டில், அதாவது மைனஸ் ஒயர் காரின் உலோக உடம்போடு சேரும் போல்ட்டில். பி.எம்.டபிள்யூ. மாதிரிக் கார்களில் மைனஸ் போஸ்டின் மேலேயே கரண்டை அளக்கும் சென்சார் உட்கார்ந்திருக்கும். கிளிப் நேராகப் போஸ்டைப் பிடித்தால், ஏறுகிற ஆம்ப் சென்சார் வழியாகப் போகாது. பேட்டரி நிறைந்திருக்கும், கார் மட்டும் இன்னும் காலி என்று நினைத்துக்கொண்டு எச்சரிக்கை போடும். டிக்கியில் பேட்டரி உள்ள மாடல்களில் பானெட்டுக்குள் சார்ஜிங் போஸ்ட் கொடுத்திருப்பார்கள், அதையே பயன்படுத்துங்கள்.

வரிசையும் முக்கியம். முதலில் கிளிப், அப்புறம் மெயின் சுவிட்ச். கழற்றும்போது முதலில் சுவிட்ச் ஆஃப். சார்ஜ் ஏறும் பேட்டரி ஹைட்ரஜன் விடும், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும். டிக்கியிலோ சீட்டுக்குப் பின்னாலோ பேட்டரி இருந்தால் வாயு வெளியே போகும் சின்ன ஹோஸ் மாட்டியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். பேட்டரி மாற்றும்போது அதை மாட்ட மறப்பது சர்வசாதாரணம்.

நிரந்தரமாக வைக்க, வளையம் வைத்த ஒயர் வாங்கி போல்ட்டில் முடுக்கிவிடலாம். ப்ளஸ் ஒயரில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் இருக்க வேண்டும். ஒயரை பானெட்டின் ரப்பர் பீடிங் மேல் கொண்டு வாருங்கள், லாக் பக்கம் வேண்டாம். லாக் நசுக்கினால் நேராக ஷார்ட்.

மல்டிமீட்டர்கை

சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் அடாப்டர் பற்றி ஒரு வரி. சாவி எடுத்த பிறகும் உயிரோடு இருக்கும் சாக்கெட் என்றால் மட்டுமே பேட்டரிக்கு ஏறும். கொஞ்ச நேரத்தில் ரிலே துண்டித்துவிட்டால் சார்ஜர் பச்சை லைட்டோடு சும்மா கிடக்கும். பூட்டி ஒரு மணி நேரம் கழித்து சாக்கெட்டில் 12 வோல்ட் வருகிறதா என்று அளந்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மெயின்டெய்னர் இல்லாமல் பத்து நாளில் இறங்குகிறது என்றால் கார் தூங்கவில்லை, பூட்டிய பிறகும் ஏதோ ஒன்று அணையாமல் கரண்ட் இழுக்கிறது. மைனஸ் ஒயரைக் கழற்றி மல்டிமீட்டரை நடுவில் வைத்து அதன் 10 ஆம்ப் சாக்கெட்டில் அளக்கலாம். ஆனால் ஒயரைக் கழற்றியதுமே எல்லா மாட்யூலும் (காரின் மின்னணுப் பெட்டிகள்) முழித்துக்கொள்ளும். 30 முதல் 60 நிமிடம் விட்ட பிறகுதான் உண்மையான எண் வரும். அதற்குள் கதவைத் திறந்தாலோ இக்னிஷன் போட்டாலோ மீட்டரின் ஃப்யூஸ் போய்விடலாம். கதவு லாட்ச்சை ஸ்க்ரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், கார் கதவு சாத்தியிருப்பதாக நினைக்கும். எந்த லைன் இழுக்கிறது என்று கண்டுபிடிக்க, காரின் ஃப்யூஸ் எதையும் பிடுங்காமல், ஒவ்வொரு ஃப்யூஸின் தலையிலும் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளுக்கு நடுவே மில்லிவோல்ட் பாருங்கள். பூஜ்யம் இல்லை என்றால் அந்த லைனில் கரண்ட் ஓடுகிறது.

இன்னொன்று, கீலெஸ் சாவியைக் காருக்குள்ளேயோ கராஜ் சுவரில் ஆணியிலோ மாட்டாதீர்கள். பல கார்கள் சாவி பக்கத்தில் இருந்தால் சரியாகத் தூங்காது.

முன்டிக்கி

மைனஸைக் கழற்றிவிட்டுப் போனால் எல்லாம் தீர்ந்தது என்பவர்களுக்கு. ரேடியோ கோட், ஜன்னல் ஒன்-டச், இ.சி.யூ. (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) கற்றுக்கொண்டது எல்லாம் அழியும், அது போகட்டும். பேட்டரியே முன்டிக்கிக்குள் இருந்து, அந்த மூடி மின்சாரத்தில்தான் திறக்கும் என்றால் கதை வேறு. போர்ஷே 997 அப்படித்தான். பேட்டரியைத் துண்டித்த பிறகு மூடியை அழுத்திச் சாத்தாதீர்கள். லாக்கின் மேல் ஒரு தடித்த துணியைப் போட்டு, அப்படியே சாய்த்து வையுங்கள்.

ஏற்கெனவே செத்துப்போய் மூடியும் பூட்டியிருந்தால்: கதவைச் சாவியின் உலோகத் தகட்டால் திறங்கள். கால் வைக்கும் பக்கம் உள்ள ஃப்யூஸ் பாக்ஸில் சிவப்பு ப்ளஸ் முனை ஒன்று இருக்கும், அதை வெளியே இழுங்கள். ஜம்ப் பேக்கின் (கையில் எடுத்துப்போகும் அவசர பேட்டரி) ப்ளஸ் அதில், மைனஸ் கதவு லாட்ச் மாட்டும் உலோகக் கொக்கியில். அலாரம் அலறும், பதற வேண்டாம், ரிமோட்டில் அன்லாக் அழுத்திவிட்டு மூடி பட்டனை அழுத்துங்கள். அந்த முனை மூடியைத் திறக்க மட்டும்தான். அதன் வழியாகச் சார்ஜ் ஏற்றவோ ஸ்டார்ட் செய்யவோ கூடாது, ஒயர் தாங்காது.

கார்வெட் சி6 கூபேயில் கதவு லாட்ச்சே மின்சாரம். பின்னால் நம்பர் பிளேட்டுக்கு மேலே சாவித் துளை இருக்கிறது. அதில் பின்மூடியைத் திறந்து, உள்ளே உள்ள இழுப்பானை இழுத்தால் டிரைவர் கதவு திறக்கும்.

ஃப்ரேம் இல்லாத ஜன்னல் கார்களில் கதவைத் திறக்கும்போது கண்ணாடி ஒரு சென்டிமீட்டர் இறங்கித்தான் வெளியே வரும். பேட்டரி செத்தால் இறங்காது. பலமாக இழுத்தால் ரப்பர் பீடிங் கிழியும், சில நேரம் கண்ணாடியே போகும். நீண்ட நாள் நிறுத்தும்போது ஜன்னலைக் கொஞ்சம் இறக்கியே வையுங்கள், எலி நுழைகிற இடமாக இல்லாவிட்டால்.

எல்எஃப்பி

லித்தியம் ஸ்டார்டர் பேட்டரி வைத்திருப்பவர்கள் மேலே உள்ள வோல்டேஜ் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். முழு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் ஓய்வில் 13.3 காட்டும். ஏ.ஜி.எம்.மில் 12.8 என்றால் நிறைவு. இதில் 12.8 என்றால் ஏறக்குறைய காலி. அளந்து பார்த்து 'நன்றாகத்தான் இருக்கிறது' என்று விட்டுவிட்டுப் போகிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

லித்தியம் மோடு உள்ள சார்ஜரை மட்டும் பயன்படுத்துங்கள். ஆசிட் பேட்டரிக்கான ரீகண்டிஷன் (மீட்டெடுக்கும்) மோடு 15.8 வோல்ட் வரை போகும், லித்தியத்துக்கு அது கொலை. பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றவும் கூடாது. ரொம்ப இறங்கினால் உள்ளே உள்ள பாதுகாப்பு சர்க்யூட் துண்டித்துவிடும், மீட்டரில் பூஜ்யம் காட்டும். செத்துவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள், எழுப்பும் வசதி உள்ள சார்ஜர் அதைத் திரும்பக் கொண்டுவரலாம்.

ஆறுசிலிண்டர்

வாரம் ஒரு முறை பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைத்தால் போதாதா என்று எப்போதும் ஒரு கேள்வி வரும். ஸ்டார்ட்டர் 200 ஆம்ப் மூன்று விநாடி எடுத்தால் 0.17 ஆம்ப்-அவர்தான் செலவு, அது பெரிய விஷயமில்லை. ஆனால் ஏழு நாளில் மாட்யூல்கள் தின்றது 8 ஆம்ப்-அவருக்கு மேல். ஐட்லிங்கில் ஃபேன், பம்ப், லைட் போக மிஞ்சுவது பத்து நிமிடத்தில் அதை ஈடுகட்டாது. எஞ்சின் முழுச் சூட்டுக்கு வராமல் நிறுத்தினால் சைலன்சரிலும் ஆயிலிலும் தண்ணீர் தங்கும், பெட்ரோல் ஆயிலில் கலக்கும். பேட்டரிக்காக எஞ்சினைக் கெடுப்பானேன்?

பன்னிரண்டுவோல்ட்

மின்சாரம் போய் வந்தால் எல்லா மெயின்டெய்னரும் தானாகத் தொடராது. சிலவற்றில் மோடு பட்டனை மறுபடி அழுத்த வேண்டும். வாங்கியதும் சுவிட்சைப் போட்டு அணைத்துப் பார்த்துவிடுங்கள். கராஜ் சாக்கெட்டின் எர்த் லீக்கேஜ் பிரேக்கர் (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) ட்ரிப் ஆகிக் கிடப்பதும் சகஜம், போகும்போது வரும்போது சார்ஜரின் விளக்கைப் பாருங்கள்.

ஒயர் மாட்டியிருப்பது தெரியாமல் காரை எடுத்தால் பம்பரோடு போகும். ஸ்டியரிங்கில் ஒரு அட்டையைத் தொங்கவிடுவதை எல்லோரும் செய்யலாம்.

வருடத்துக்கு ஒரு முறை சார்ஜரைக் கழற்றி 12 மணி நேரம் விட்டு அளங்கள். முழுசாக ஏறிய ஆசிட் பேட்டரி 10.5 சுற்றி நின்றால் ஒரு செல் போயிருக்கிறது, அதில் இனி மெனக்கெட வேண்டாம். 12.6 காட்டியும் சந்தேகம் இருந்தால் லோட் டெஸ்ட்: பேட்டரி மேல் எழுதியிருக்கும் குளிர் ஸ்டார்ட் ஆம்ப் (சி.சி.ஏ.) அளவில் பாதியை 15 விநாடி இழுங்கள். 21 டிகிரியில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனால் மாற்ற வேண்டியதுதான்.